கைக்கு எட்டிய காளான்

அக்கா எதையும் விரல் நீட்டிக் காட்டி நான் பார்த்ததில்லை. வழி கேட்டால் மோவாயைத் தூக்குவாள். அது போதவில்லை என்றால் முழங்கையை மடக்கி அந்தத் திக்கில் ஒரு ஆட்டு ஆட்டுவாள். புதிதாக மலையேறி வந்தவன் எவனாவது, "மஞ்சக்குட்டைக்கு எப்படிங்க போகோணும்?" என்று இவளிடம் கேட்டுத் தொலைத்தால், மோவாய் போன பக்கம் வழி இரண்டாகப் பிரிவதைப் பார்த்துத் திருதிருவென்று முழிப்பான். நாங்கள் காப்பிச் செடிக்குப் பின்னால் நின்று சிரிப்போம். லைனில் அவளுக்கு மோவாய்க்காரி என்றே பெயர் வைத்திருந்தார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை, விட்டுவிடுகிறேன்.

வெள்ளைக்காரத் துரையின் காப்பி எஸ்டேட் அது. ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு அறை. அதைத்தான் லைன் என்போம். எல்லோரும் கீழ்நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். கடைசி அறையில் அக்கா தனியாக இருந்தாள். அதற்கு முந்திய அறையில் நானும் என் இரண்டு பெண்களும். என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்கு மூட்டை தூக்கப் போனவர். போன இடம் அசாமா அதற்கும் அப்பாலா என்று யாருக்கும் தெரியாது. மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்தவள் என்பதால் எனக்குப் பிள்ளைக் கொட்டகையில் வேலை. தாய்மார் பழம் பறிக்கப் போனபின் அவர்களின் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றி, சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று எல்லா வீட்டிலும்தான் சொல்வார்கள். அக்காவுக்கு அது காளானிலிருந்து வந்த பழக்கம். காளான் முளைக்கிற இடத்தை விரலால் காட்டினாலோ வாயால் சொன்னாலோ அந்த இடம் மலடாகிவிடும், பிறகு எத்தனை இடி இடித்தாலும் அங்கே ஒன்றும் எழும்பாது என்று அவள் உறுதியாக நம்பினாள். நம்பியதைக் காளானோடு நிறுத்திக்கொண்டிருந்தால் சரி. அவள் எந்த இடத்தையும் சொல்ல மாட்டாள். சொந்த ஊர் எதுவென்று கேட்டால், "கீழதான்." புருஷன் எங்கே இறந்தார் என்றால், "காட்டுல." விறகு எங்கே கிடைத்தது என்றால் மோவாய். இப்படி ஒரு பொம்பளையா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலுக்கு வாய்க்கட்டு விழுந்த கதையை முதலில் சொல்கிறேன்.

பர்மா அரிசி நின்றுபோன வருஷம் அது. சண்டையைக் காட்டி எங்களுக்கு அளந்து கொடுத்த கேழ்வரகும் பாதியாகிவிட்டது. என் சின்னவள் காய்ச்சலில் விழுந்து எழுந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். பிள்ளைக் கொட்டகைக்கு வந்த மாவில் இரண்டு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன். மற்ற பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்த மாவு. செய்தேன், இல்லை என்று சொல்லவில்லை. முடிந்துகொண்டு திரும்பினால், விறகுக்கட்டைத் தலையில் வைத்தபடி வாசலில் அக்கா நிற்கிறாள்.

மாவு குறைந்தது எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டருக்குத் தெரிந்துவிட்டது. எங்களை வரிசையாக நிறுத்தினார். என்னைத் தவிர அன்று கொட்டகைப் பக்கம் போனவள் அக்கா ஒருத்திதான் என்று, எங்களை வேலை வாங்குகிற மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"நீ பாத்திருப்பே. வாயைத் திறக்க வேணாம். யாருன்னு கையைக் காட்டு, போதும்" என்றார் ரைட்டர்.

அக்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். "எனக்குக் கை காட்டற பழக்கம் இல்லீங்க."

"அப்ப நீதான் எடுத்தியா?"

"அப்படியே வெச்சுக்கோங்க."

அடைமழையில் ஆண்களோடு சேர்ந்து குழி வெட்டும் வேலைக்கு அவளைப் பத்து நாள் போட்டார்கள். கை இரண்டும் கொப்புளம் கண்டு உடைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ விளக்கெண்ணெய் கொண்டுபோய் அவள் வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன், எண்ணெயை மட்டும் நீட்டினேன். அவள் எண்ணெயை வாங்கித் தடவிக்கொண்டே, "புள்ளைக்குக் கஞ்சி எறங்குச்சா கண்ணு?" என்றாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுத்ததேயில்லை.

ஆவணியில் இடி இறங்கும். இரவெல்லாம் தகரம் அதிர, மறுநாள் விடிவதற்கு முன் அக்காவின் கதவுச் சங்கிலி குலுங்கும். சாணம் மெழுகிய கூடையும் ஒரு கைத்தடியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். வெயில் ஏறுமுன் திரும்பி வருவாள். குழந்தை இருக்கிற வீட்டு வாசலில் முதலில் தேக்கிலைப் பொட்டலம் விழும், மற்ற வீடுகளுக்கு அப்புறம். தனக்கு மிஞ்சினால் உண்டு. பொட்டலத்தைப் பிரித்தால் மண் வாசனையோடு வெள்ளை வெளேரென்று புற்றுக்காளான். சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டுக் குழம்பு கூட்டினால் லைன் முழுக்க மணக்கும். கறி கண்டு மாதக்கணக்கான பிள்ளைகள் களி உருண்டையை அதில் புரட்டிப் புரட்டித் தின்னும். அந்த ஒரு மாதம் என் பெண்களின் முகம் தெளிந்திருக்கும். அரிசி நின்ற அந்த வருஷத்து மழைக்காலத்தைப் பக்கத்து எஸ்டேட் லைனில் நாலு குழந்தைகள் தாண்டவில்லை, எங்கள் லைனில் எல்லாம் தாண்டின. காளான்தான் காப்பாற்றியது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"எங்கீங்கக்கா கிடைக்குது?" என்று கேட்காத ஆள் கிடையாது. மோவாய் வானத்தைப் பார்க்கும். "மழை குடுக்குது."

அவள் எல்லாக் காளானையும் தொடமாட்டாள். பாறைச் சந்திலும் மாட்டுச் சாணியிலும் விதவிதமாகக் குடை விரிந்து நிற்கும். ஒருத்தி மஞ்சள் நிறத்தில் மடி நிறையக் கொண்டுவந்து, இது ஆகுமா என்று கேட்டாள். "எனக்கு நாலு பேரைத்தான் தெரியும். இவிங்களோட பழக்கமில்ல. பழக்கமில்லாதவனை ஊட்டுக்குள்ள உடுவீங்களா?" என்று அத்தனையையும் அக்கா தட்டிவிட்டாள்.

களைவெட்டில் அவளுக்குப் பக்கத்து வரிசை கிடைத்தால் வேலை ஓடாது. உதிர்ந்த இலைக் குப்பையைக் கொத்தால் மெல்லப் புரட்டிக் குந்திவிடுவாள். அடியில் வெள்ளையாக நூல்நூலாக ஓடியிருக்கும். "மேல குடை விரிக்கறது சும்மா பூவு. ஆளு இங்க கெடக்கறான் பாரு" என்பாள். நிழல் மரம் வெட்டிய இடத்தில் மட்கிக் கிடந்த கட்டைகளைச் சுத்தம் என்று சொல்லி எரிக்கச் சொன்னார் துரை. எல்லோரும் எரித்தோம். அக்கா மட்டும் ஈர விறகை வைத்து ஊதுகிற மாதிரி ஊதிக்கொண்டே பொழுதைக் கழித்தாள். மேஸ்திரி சத்தம் போட்டதற்கு, "எரிச்சா ஒரு நாள் சாம்பலுங்க, உட்டா பத்து வருசம் சோறு" என்றாள். அது உண்மைதான். கட்டை மட்கிய இடத்துச் செடிகள் கருகருவென்று நின்றன, எரித்த இடத்தில் மூன்றாம் வருஷமே இலை பழுத்தது. இன்னொரு நாள் என்னிடம் சொன்னாள்: "இவன் இல்லீன்னா உழுந்த மரமெல்லாம் அப்படியே கெடக்கும் கண்ணு. நாம நடக்க எடமிருக்காது. இந்த மலையில செத்தது எதையும் இவன் உட்டு வைக்கறதில்ல." வேறு பேச்சுப் பேசுங்க என்றேன்.

மாவு எடுத்ததற்கு மறு வருஷம் அவளைப் பின்தொடர்ந்து போனேன். திருட்டுப் புத்தி ஒருதரம் ருசி கண்டால் விடுமா. பனியில் முன்னால் போகிற ஆள் தெரியவில்லை. அவள் தடியின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். செம்மநத்தம் போகிற பாதையை விட்டு இறங்கி, சோலைக்குள் நுழைந்து, ஒரு பள்ளத்தை அடைந்தேன். ஒன்றரை ஆள் ஆழம் இருக்கும். குறுக்கே பெரிய மரம் ஒன்று எந்தக் காலத்திலோ விழுந்து பாலமாகக் கிடந்தது. அக்கா அதைத் தடியால் டொக் டொக்கென்று தட்டித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டபின்தான் காலை வைத்துக் கடந்தாள். அக்கரையில் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு புற்று. புற்றைச் சுற்றி மண்ணே தெரியாமல் காளான். நான் இக்கரையில் வாயைப் பிளந்து நின்றேன்.

திரும்பிப் பார்க்காமலே அவள் சொன்னாள்: "வந்தது வந்துட்டே. மரத்தைத் தட்டிப் பாத்துட்டு வா கண்ணு. மேல மரமா இருக்கும், உள்ள மாவா இருக்கும்."

திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. முதல் காளானைப் பறித்துப் புற்றின் மேலேயே வைத்தாள். பிறகு மொட்டுகளை மட்டும் பறித்தாள். விரிந்ததை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அது நேத்தே வந்தவன். இன்னைக்கு மொட்டு, நாளைக்குக் குடை, மூணாம் நாளு புழு. மொட்டுத்தான் ஊடு வரைக்கும் தாங்கும். பறிச்ச மொட்டு மொட்டாவே வாடும், கூடைக்குள்ள விரியாது."

என் கையைப் பிடித்துப் புற்றின் மேல் வைத்தாள். நானாகவே, என் பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொல்ல மாட்டேன் என்று ஆரம்பித்தேன். அவள் தடுத்துவிட்டாள். "புள்ளைங்களை எதுக்கு இழுக்கறே? சொல்லாம இருந்தாப் போதும். சொன்னா இது செத்துப்போகும். பன்னெண்டு ஊட்டுக்கும் இது ஒண்ணுதான்."

அதனால் பிள்ளைகள் மேல் ஆணையிட்டிருந்தேன் என்ற சாக்கும் எனக்குக் கிடையாது.

அதற்கு அடுத்த ஆவணி. சனிக்கிழமை இரவு இடி. ஞாயிறு விடியலில் சங்கிலி குலுங்கியது எனக்குக் கேட்டது. வேலையில்லாத நாள், நான் புரண்டு படுத்துக்கொண்டேன். மத்தியானம் ஆயிற்று, பொட்டலம் விழவில்லை. மழை விட்டு விட்டு அடித்தது. இருட்டியபின் அவள் அறையில் விளக்கு இல்லை.

மேஸ்திரி வந்து கேட்டார். "உங்கூட்டுக்குப் பக்கத்துலதான இருக்குது. எங்க போகும்னு ஏதாச்சும் சொல்லுச்சா?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்றேன். அவள் சொல்லவில்லைதான், அந்த மட்டில் அது பொய்யில்லை.

காலையில் வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை ஆறு ஆட்களை விட்டு எஸ்டேட் முழுக்கத் தேடினார்கள். ஏரிக்கரை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். யாரோடோ ஓடிப்போயிருப்பாள் என்றும் கரடி அடித்திருக்கும் என்றும் லைனில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் கொட்டகையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இடம் தெரியும். அங்கே போனால் பார்த்துவிடலாம் என்று தெரியும். ஆனால் ஆறு ஆண்களைக் கூட்டிப்போனால் அறுபது பேருக்குத் தெரியும், புற்றை அடியோடு பெயர்த்துவிடுவார்கள். அவர்கள் பெயர்க்காவிட்டாலும் சொன்ன குற்றத்துக்கு அது மலடாகும். அப்புறம் என் சின்னவள் என்னத்தைத் தின்பாள்? ஒருவேளை அக்காவே திரும்பி வந்து, ஏன் சொன்னாய் என்று கேட்டால்? தனியாகப் போய்ப் பார்க்கலாம் என்றால் வேலையை விட்டுப் போக வேண்டும், மழை, கரடி. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே திங்கட்கிழமையைக் கடத்திவிட்டேன். வக்கீல் தோற்றுப்போவான். அன்று இரவு ஊசியாகக் குளிர். இருக்கிற கம்பளியைப் பிள்ளைகளுக்கும் எனக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தேன்.

செவ்வாய் காலை சின்னவள் கேட்டாள். "இடி இடிச்சுதே. பெரியம்மா ஏம்மா இன்னும் காளான் கொண்டாரல?"

கரண்டியைப் போட்டுவிட்டு ரைட்டரிடம் ஓடினேன்.

மேஸ்திரியோடு பத்து ஆட்கள் வந்தார்கள். சோலை மேட்டில் நின்று, எங்கே என்று கேட்டபோது, "அதோ அங்கீங்க" என்று கையை முழுசாக நீட்டிக் காட்டினேன். நீட்டியபின்தான் என் விரலைப் பார்த்தேன்.

பாலமாகக் கிடந்த மரம் நடுவில் முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் கட்டையே இல்லை, ஈரமான தூள். அவள் தட்டிப் பார்க்காமலா வந்திருப்பாள். மழையில் ஊறிய கட்டை ஒருவேளை சத்தத்தை மாற்றிச் சொல்லியிருக்கும். பள்ளத்துச் சேற்றில் விழுந்த தடம் இருந்தது. அங்கிருந்து, கரை சரிந்து கிடந்த பக்கமாக, புற்று வரைக்கும் உடம்பை இழுத்துக்கொண்டு ஏறிய தடம். அவள் புற்றில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தாள். வலது தொடை திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. உடம்பு குளிர்ந்து விறைத்துவிட்டது.

மேஸ்திரி நல்ல மனுஷர். என் தோளைத் தொடாமல் பக்கத்தில் நின்று சொன்னார்: "உழுந்த அன்னைக்கே போயிருக்கும் கண்ணு. நொம்பக் கஷ்டப்பட்டிருக்காது. நீ நேத்துச் சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது, மனசைப் போட்டு ஒளப்பாத."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். நான் அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புற்றைச் சுற்றிக் காளான் விரிந்து, ஓரம் கிழிந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. மூன்றாம் நாள். ஆனால் அவளைச் சுற்றி மட்டும் ஒரு வளைவு வெறும் மண்ணாக இருந்தது. கையை நீட்டினால் எதுவரை எட்டுமோ அதுவரை பறித்திருந்தாள். அதற்கு ஒரு விரற்கடை அப்பால் அத்தனையும் அப்படியே நின்றது. மடியில் அடியாகக் கிடந்தவை வாடிய மொட்டுகள், ஞாயிற்றுக்கிழமை பறித்தவை. அவற்றின் மேல் முழுசாக விரிந்த குடைகள் ஏழோ எட்டோ. ஒன்றில் பாதி இல்லை, கடித்த பல் தடம் தெரிந்தது.

பறித்த மொட்டு விரியாது. மேலே கிடந்த குடைகள் மண்ணிலேயே நின்று விரிந்தவை; ஞாயிற்றுக்கிழமை மொட்டு திங்கட்கிழமைதான் குடையாகும். அவள் திங்கட்கிழமை உயிரோடு இருந்திருக்கிறாள். பசித்திருக்கிறது. பச்சையாகத் தின்றிருக்கிறாள். நான் கொட்டகையில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது அவள் இங்கே கையை நீட்டிப் பறித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுப் பார்த்திருப்பாளா, அதற்கும் இடம் தெரிந்துவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டாளா, தெரியவில்லை. யாராவது வருவார்கள் என்று எண்ணியிருந்தால் அது என்னைத்தான். இடம் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதானே.

அங்கே நின்ற அத்தனை பேரிலும் அந்த மடியைப் படிக்கத் தெரிந்த ஆளும் நான் ஒருத்திதான். "ஆமாங்க, உழுந்த ஒடனே போயிருக்கும்" என்று மேஸ்திரிக்குப் பதில் சொன்னேன்.

தூக்கிக்கொண்டு போக வழி சரியில்லை என்று அங்கேயே, சோலை ஓரத்தில் குழி வெட்டினார்கள். கூடையையும் கூட வைத்தோம். மடியில் இருந்ததை நான் எடுக்க விடவில்லை.

மறு ஆவணி வந்தது. கேழ்வரகு அப்போதும் பாதிதான். லைனில் எவரும் அந்தப் பக்கம் போவதாக இல்லை. செத்த இடம், போதாததற்கு விரல் காட்டிய இடம், இனி அங்கே என்ன முளைக்கும் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன். அங்கே ஒன்றும் முளைக்காமல் போனால், நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஒரு நியாயமாவது மிஞ்சும்.

இடி இறங்கிய மறுநாள் விடியலில் கூடையோடு போனேன். முறிந்த மரத்தை விட்டு, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஏறினேன்.

புற்றைச் சுற்றி மண் தெரியவில்லை. போன வருஷம் வெறுமையாகக் கிடந்த அந்த வளைவிலும் சேர்த்து, அவள் சாய்ந்திருந்த இடம் வரைக்கும், வெள்ளை மொட்டு நெருக்கியடித்து நின்றது. விரல் நீட்டியதற்கும் வாயால் சொன்னதற்கும் பத்து ஆண்கள் மிதித்துப்போனதற்கும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நான் சொல்லியிருந்தாலும் அது முளைத்துத்தான் இருக்கும்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். பிறகு முதல் காளானைப் பறித்துப் புற்றின் மேல் வைத்தேன். மொட்டாகப் பார்த்துக் கூடை நிறையப் பறித்தேன். குழந்தை இருக்கிற வீடுகளுக்கு முதலில் பொட்டலம் போட்டேன். மிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன். பெண்கள் இரண்டு பேரும் சட்டியை வழித்துத் தின்றார்கள்.

எனக்கு இறங்காது என்றுதான் நினைத்திருந்தேன். இறங்கியது. நல்ல பசி, இரண்டு உருண்டை களி தின்றேன்.